தோல் ஷாப்பில் உருவப்படம் பிடித்தல்

நம் பக்கத்தில் தோல் பதனிடுஞ் சாலையை அங்கு வேலை செய்வோர் ‘ஷாப்பு’ என்றே வழங்குவர். சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் ஆம்பூருக்கு அணித்தாயுள்ள ஒரு ஷாப்பிற்குப் படம் பிடிக்கச் சென்றிருந்தோம். முதலாளியின் அனுமதியை முன்னரே பெற்றிருந்தோம். பகல் முழுதும் காமிராவுடன் சுற்றி, சுண்ணாம்புத் தொட்டிகளையும், சுழலும் பெரிய மரப் பீப்பாய்களையும், இளநீலமாய்க் குவிந்து கிடந்த ஈரத் தோல்களையும், அவற்றினிடையே உழைப்போரையும் எடுத்துத் தள்ளினோம். அவற்றுள் ஒரு படம் நமக்கு மிகவும் உவப்பாயிருந்தது. தொட்டியருகே குனிந்து தோலை இழுக்கும் முதியவர் ஒருவர், கூரைத் திறப்பினின்று சாய்வாக விழும் ஒளி, சுற்றிலும் இருள். அதனைப் பெரிதாக அச்சிட்டு, அடுத்த வாரம் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். “தோலு நல்லா வந்திருக்குது தம்பி. நான் எங்க இருக்கேன்?” என்றார். விரலால் தொட்டுக் காட்டினோம். “இது முதுகு. இதை எம் பொண்ணுக்கு எப்படிக் காட்டுறது?” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரை.

ஒருவரை அவர் வாழும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வைத்து, அவ்விடமும் அவரைப்பற்றிப் பேசுமாறு எடுக்கும் படத்தைச் ‘சூழல் உருவப்படம்’ எனலாம். இதற்கு நேர் மாறானது நம் பாட்டன்மார் காலத்து ஸ்டூடியோப் படம். தூணும் மாடமும் தீட்டிய திரை, பூச்சாடி வைத்த சிறு மேஜை, நாற்காலி முதுகின்மேல் ஊன்றிய கை, வழங்குவதற்கென்றே ஸ்டூடியோவில் தொங்கிய கோட்டு ஆகியவை நாம் அறிந்தனவே. அக்காலத்துத் தகடுகள் ஒளியை மெல்லவே வாங்கியமையால் அசையாது நிற்க ஏதேனும் பற்றுக்கோடு வேண்டியிருந்தது. அதனினும் முக்கியமான காரணம் வேறு. படத்திற்கு நின்றவர் ஒரு கணமேனும் தம் அன்றாடத்தினின்று விலகி, மதிப்புடன் நிற்க விரும்பினார். இரவல் கோட்டைக் கண்டு நாம் நகைத்தல் தகாது.

இனி, அதே காலத்தில் வேறொரு வகைப் படமும் எடுக்கப்பட்டு வந்தது. 1868 முதல் 1875 வரையில் ஜே. ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜே. டபிள்யூ. கே என்னும் இருவர் பதிப்பித்த ‘இந்திய மக்கள்’ என்னும் எட்டுத் தொகுதிகளையும், சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளையும் புரட்டினால் அதனைக் காணலாம். இங்கே இரவல் கோட்டு இல்லை. மனிதர் தம் உடையோடும், பல இடங்களில் தம் கருவிகளோடும் நிற்கின்றனர். ஆயின் படத்தின் கீழ் இன்ன சாதி, இன்ன கூட்டம் என்று இருக்குமேயன்றி, நின்றவரின் பெயர் பெரும்பாலும் இராது. ஸ்டூடியோக்காரர் இடத்தை எடுத்துவிட்டு ஆளை மதித்தார். ஆராய்ச்சிக்காரர் தொழிலை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார். நாம் ஆம்பூரில் எடுத்த முதற்படம் இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலாற்றங்கரைக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. 2019-இல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரையும், ராணிப்பேட்டை தனக்கெனவே ஒரு ஜில்லாவையும் சேர்ந்தன. ஆயினும் தோலுக்கு அவ்வெல்லைகள் தெரியா. பேரணாம்பட்டு முதல் மேல்விஷாரம் வரை ஒரே தொழில், ஒரே ஆறு. அவ்வாறு கெட்ட கதை நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. அது முதற்கொண்டு இங்கே காமிராவோடு வருவோரிற் பலர் கழிவு நீரையும் அதனருகே நிற்கும் உழைப்பாளியையும் எடுத்துச் செல்கின்றனர். அப்படங்கள் வேண்டியவையே. எனினும் அவற்றில் மனிதன் வழக்கின் சாட்சிப் பொருளாகவே நிற்கிறான். தோலைத் தொடுபவனையே தீண்டத்தகாதவன் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்த நாட்டில், தோலிடையே ஒருவரை நிறுத்திப் படமெடுப்பதென்றால் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும்.

நிற்க. முதலில் சட்டத்திற்குள் எவ்வாறு அமைப்பது என்பதைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் என்பவர் தம் நாட்டு மக்களைத் தொழில்வாரியாகப் படமெடுத்து, அவற்றுள் 60 படங்களை 1929-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நாஜி அரசு 1936-இல் அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. 1928-இல் அவர் எடுத்த ஒரு பலகாரக்காரரின் படம் இன்றும் பேசப்படுகிறது. பருத்த உடலினர் தம் சமையலறையில் மாவு கலக்கும் பெரிய பாத்திரத்தில் ஒரு கையும் கரண்டியில் ஒரு கையுமாக, கால்களை ஊன்றி நின்று, நேராக நம்மை நோக்குகிறார். சமையலறை முழுதும் காட்டப்படவில்லை. ஆயினும் அது சமையலறையே என்பதில் ஐயமில்லை. ஒரு பாத்திரம் போதுமாயிருந்தது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, அமெரிக்கரான ஆர்னால்ட் நியூமன் 1946-இல் எடுத்த இசையறிஞர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படம். அதில் பியானோவின் திறந்த மேல்மூடியே படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. மனிதர் கீழ் மூலையில் சிறு அளவில் இருக்கிறார். ஆனால் நம் கண் தப்பாமல் அவர் முகத்திற்கே போய்ச் சேர்கிறது. என்னெனின், மூடியின் கருமையும் சுவரின் வெளிர்மையும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. முகத்தோடு போட்டியிடும் பொருள் வேறொன்றும் அங்கில்லை. அப்படத்தைக் கேட்டு எடுப்பித்த பத்திரிகை அதனை வேண்டாமென்று திருப்பிவிட்டது என்பது வேறு கதை.

ஆகவே ஆளின் அளவு பெரிதா சிறிதா என்பது அன்று கேள்வி. தலைக்குப் பின்னே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஷாப்பில் தலைக்குப் பின்னே எப்போதும் ஏதேனும் இருக்கும்: குழாய், தூண், தொங்கும் தோலின் விளிம்பு, எச்சரிக்கைப் பலகை. எடுப்பவர் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தாலே, முகம் பீப்பாயின் கருத்த வாயின்மீதோ சுண்ணாம்பேறிய வெண்தோலின்மீதோ பொருந்தித் தெளிவாகிவிடும். ஆளை நகர்த்துவதற்கு முன் நாம் நகர்தல் நலம்; அவர் வேலையில் நிற்கிறார், நாமோ வேலையற்று வந்திருக்கிறோம். காமிராவின் உயரத்தையும் கவனிக்கவேண்டும். குனிந்திருப்பவரை நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகுதான் வரும். நம் முதற்படத்தின் முதற் பிழை அதுவே. மண்டியிட்டு அவர் மார்பளவிற்குக் காமிராவைத் தாழ்த்தியிருந்தால் முகம் கிடைத்திருக்கும். நம் காற்சட்டை சுண்ணாம்பாகியிருக்கும், அவ்வளவே.

கைப்பேசியால் எடுப்போர்க்கு ஒரு சொல். அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் அகன்ற பார்வையுடையது. மிக நெருங்கி எடுத்தால் மூக்குப் பெருக்கும். படத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும். ஏழெட்டடி விலகி, ஆளை ஓரத்தினின்று உள்ளே நிறுத்தவேண்டும். அதிலுள்ள ‘போர்ட்ரெய்ட்’ என்னும் வசதியோ பின்னாலிருப்பதை எல்லாம் மங்கலாக்கிவிடுகிறது. உருவப்படம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆளின் ஊரை அழிக்கும் அவ்வசதியை இவ்வேலைக்கு அணைத்துவிடுதலே தகும்.

ஒளியைப் பற்றி மேனாட்டுப் புத்தகங்களில் ஒரு விதி காணப்படும். வடக்குச் சன்னலருகே நிறுத்துக, நாள் முழுதும் மென்மையான ஒளி கிடைக்கும் என்பது அது. லண்டனுக்கும் பாரிசுக்கும் அது சரி. வேலூரோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் நண்பகற் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறான். காலையிலும் மாலையிலும் இன்னும் நன்றாக வடக்கே ஒதுங்கி நிற்கிறான். எனவே அம்மாதங்களில் இங்கே வடக்குச் சன்னலிலும் வெயில் அடிக்கும். தெற்குத் தாழ்வாரமே மென்மையான ஒளி தரும். மற்ற மாதங்களில் புத்தக விதி நமக்கும் பொருந்தும். மே மாதத்து வேலூர் வெயிலில் வெட்டவெளியில் ஒருவரை நண்பகலில் நிறுத்துவது கொடுமை என்பதோடு, கண்குழிகள் இரண்டும் கருங்குழிகளாகிப் படமும் கெடும். பாலாற்று மணலில் நிற்பவர்க்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வெளுத்த மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பியனுப்பி அக்குழிகளை ஓரளவு நிரப்பிவிடும்.

ஷாப்பிற்குள்ளும் இத்தகைய இயற்கை உதவிகள் உண்டு. மயிர் நீக்கிச் சுண்ணாம்பேறிய தோல்கள் வெள்ளைத் துணி விரித்தாற்போல் ஒளியைத் திருப்பும். கழுவிய ஈரத்தரை வாயிலின் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலுக்கு அருகே நின்றால் முகத்தில் ஒரு மஞ்சட் கனிவு ஏறும். குரோமிய உப்பால் பதனிட்டதோ நீலம். ‘வெட் புளூ’ என்று அதற்குத் தொழிலில் பெயர். இடுப்பளவு குவித்த வெட் புளூவின்மீது குனிந்து நிற்பவரின் முகவாயிலும் கன்னத்திலும் கீழிருந்து நீலச் சாயல் படரும். கண் அதனைப் பொருட்படுத்தாது; காமிரா மறைக்காது.

கீழிருந்து வரும் ஒளி முகத்தை என்ன செய்யும் என்பதற்கு நியூமனே மற்றொரு சான்று விட்டுச் சென்றிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அடிமைகளைக் கொண்டு தம் ஆலைகளை நடத்திய குற்றத்திற்காக 1948-இல் நியூரம்பர்க்கில் தண்டிக்கப்பட்ட ஆல்ஃபிரட் க்ரூப் என்னும் ஜெர்மன் ஆலை முதலாளியை 1963-இல் அவருடைய ஆலையிலேயே அவர் படமெடுத்தார். நியூமன் யூதர். இருபுறமும் தாழ்விலிருந்து விளக்கை அமைத்து, பச்சை படர்ந்த நிறத்தில், சாத்தானைப்போல் அம்முகத்தைத் தோன்றச் செய்தார். அவர் அதனைத் தெரிந்தே செய்தார். நாம் அறியாமையால் ஒரு கூலித் தொழிலாளியின் முகத்திற்கு அதே ஒளியைக் கொடுத்து, ‘என்ன அழகான நீலம்’ என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறோம். குவியலினின்று ஐந்தாறடி தள்ளி, வாயிலை நோக்கி அவரை நிற்கச் சொன்னால் இக்கேடு நீங்கும்.

குழல்விளக்கும் பகலொளியும் கலந்த இடத்தில் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி வேறு நிறமுமாகும். இயன்றால் அருகிலுள்ள விளக்கை அணைக்கச் சொல்லலாம். ஓடும் எந்திரத்தின் விளக்கை அணைக்கச் சொல்லலாகாது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஆதலால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. படத்தில் குறுக்கே கருங்கோடுகள் விழுந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியிலோ நூறில் ஒரு நொடியிலோ வைத்துப் பார்க்கவும்.

இவை யாவற்றினும் பெரிய பிழை முகத்தின் அளவையில் நேர்கிறது. காமிரா தன் முன்னுள்ளதனைத்தும் நடுத்தரச் சாம்பல் என்று கருதி ஒளியை அளக்கும். வெண்தோல்களினிடையே கருநிறத்தார் ஒருவர் நின்றால், தோல்களின் வெண்மையைக் குறைக்கப் புகுந்து அவர் முகத்தை இருளாக்கிவிடும். குற்றம் காமிராவினுடையது மட்டுமன்று. அமெரிக்காவில் கோடாக் கம்பெனியார் வண்ணப்படங்களை ஒத்துப்பார்க்க நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணொருத்தியின் படமுள்ள ‘ஷர்லி’ அட்டையையே அளவுகோலாக வைத்திருந்தனர். கரிய நிறங்களில் நுட்பம் வரவில்லை என்று அவர்களை அசைத்த முறையீடுகளில், மர நாற்காலி செய்வோரும் சாக்லேட்டு விற்போரும் செய்தவை முக்கியமானவை என்பர். மனிதர் முகத்திற்குக் கிடைக்காத நீதி சாக்லேட்டுக்குக் கிடைத்தது! நாம் செய்ய வேண்டியது எளிது. கைப்பேசித் திரையில் அவர் முகத்தைத் தொட்டு அங்கே அளக்கச் செய்க. தோல்கள் சற்று வெளுத்தால் வெளுக்கட்டும். அதற்காக முகத்தையே சிவப்பாக்கித் தரும் அழகு வசதிகளிடம் போகவேண்டியதில்லை; அவருக்குத் தம் நிறம் தெரியும்.

இனி நிற்கும் நிலையைப் பற்றி. முதலாளி தந்த அனுமதி தொழிலாளி தந்த அனுமதி ஆகாது. மேஸ்திரி பக்கத்தில் நிற்கையில் ‘எடுத்துக்கோங்க’ என்பவர், அவர் போனபின் வேறு சொல்லக்கூடும். ஆதலின் இருமுறை கேட்கவேண்டும். ஷூ கம்பெனிகளில் தையல் எந்திரங்களின் முன் வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களிடம் இது இன்னும் அவசியம். அவர்களுக்கு மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு இருக்கும். நம்மால் ஒரு ஜோடி குறைந்தாலும் ஏச்சு அவர்களுக்கே. எந்திரத்தின் சிறுவிளக்கு கைகளில் மட்டுமே விழுவதால், குனிந்த முகம் எப்படியும் இருட்டாகத்தான் வரும். உணவு வேளையில் வாயிற்படியருகே, ஒரு தோழியுடன் வேண்டுமானாலும், நிற்கக் கேட்பதே மேல். தலையைச் சாய்க்கவும் தோளைத் திருப்பவும் வாயாற் சொல்லலாம், கையால் தொடலாகாது.

வேலை செய்வதுபோல் நடிக்கச் சொன்னால் படம் உடனே பொய்யாகும். உண்மையாகச் செய்துகொண்டிருக்கும்போது, இயல்பாக நிறுத்தும் இடத்தில் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கச் சொல்வதே நல்ல வழி. அப்போது கைகள் தமக்குரிய இடத்திலேயே இருக்கும். கைகளை என்ன செய்வது என்று அறியாமல்தான் பலர் படத்தில் மரக்கட்டையாகிறார்கள். ஒருபோதும் படத்திற்காக எவரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லலாகாது; சுழலும் பீப்பாயின் அருகில் நிறுத்தலாகாது. மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு, அமிலத்தோடு சேர்ந்தால் உயிர்கொல்லும் வாயுவை விடும். 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டதை இப்பகுதியார் மறந்திரார்.

யார் எடுக்கிறார் என்பதும் நிலையை மாற்றும். துப்புரவுத் தொழிலாளரைப் பற்றி 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான எம். பழனிக்குமார், மதுரையில் மீன் விற்கும் தம் தாயாரையும் தொடர்ந்து படமெடுத்திருக்கிறார். அந்த வெளிச்சத்திலும் அந்த மீன் கூடையருகிலும் வளர்ந்தவர் எடுத்த படங்கள் அவை. நாம் எல்லா வீட்டிற்கும் பிள்ளையாக முடியாது. ஆயினும் ஒருநாள் முன்னதாகப் போய், காமிராவை வெளியில் எடுக்காமல், தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

அந்த முதியவரிடம் நாம் மீண்டும் சென்றது அப்படித்தான். ‘எங்கே நின்றால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?’ என்று கேட்டோம். முதன்முறை இக்கேள்வி நமக்குத் தோன்றவேயில்லை. தொட்டிப் பக்கம் வேண்டாமென்றார். தாம் அங்கே இழுப்பு வேலைக்கு வந்தது எந்திரம் வந்த பின்புதான் என்றும், அதற்குமுன் கத்தி வேலை செய்தவர் என்றும் அப்போது தெரிந்தது. சாய்ந்த கட்டையின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் சவ்வை நீக்கும் வேலை அது. சற்றே அழுத்தினால் தோல் கிழியும். அழுத்தாவிட்டால் சவ்வு நிற்கும். “எங்கப்பாவும் இதே கத்திதான்” என்று, கிடங்கில் துணி சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தார். ஷாப்பு முழுதும் சுற்றிய நம் காமிராவிற்கு அவருடைய இடம் அகப்படாமற் போனதற்குக் காரணம், அவ்விடம் இப்போது அங்கே இல்லை என்பதே.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையோடு வந்தார். அழுக்குச் சட்டையே உண்மையானது என்று நம்மவரில் ஒரு மாணவர் மெல்ல முணுமுணுத்தார். அவரவர் சட்டை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டோம். டிசம்பர் மாதமாதலால் வடக்குத் தாழ்வாரத்தில் நல்ல ஒளி இருந்தது. சட்டை வெளுத்துப் போகாதிருக்கத் தாழ்வாரத்தின் விளிம்பினின்று மூன்றடி உள்ளே நிறுத்தி, அளவை முகத்தில் எடுத்தோம். பின்னால் ஒரே ஒரு பீப்பாயின் கருமை. கத்தியை இரு கைகளாலும் பிடித்து, அதன் முனையைக் கட்டையின்மேல் ஊன்றிக்கொண்டார். பிடி எப்படி என்று நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டுப் படங்கள் எடுத்தோம். ஆறாவதில், தாழ்வாரத்தருகே ஏதோ ஓசை கேட்டுத் திரும்பி, மீண்டும் நம்மைப் பார்த்த கணம் விழுந்திருந்தது.

அச்சிட்டதன் கீழே அவர் பெயரையும், ‘தோல் தொழிலாளி, ஆம்பூர்’ என்பதையும், ஆண்டையும் எழுதியிருந்தோம். பெயரைப் படித்துத் தலையசைத்தவர், தொழிலைத் திருத்தச் சொன்னார். ‘கத்தி வேலை’ என்று எழுதிக் கொடுத்தோம். பேரணாம்பட்டிலுள்ள தம்பிக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டு, இரண்டாகப் போட்டு வாங்கிக்கொண்டார்.